இரவல் கழுத்து

இப்போதெல்லாம் அடுத்தவன் உடம்பு என்றால் ஜனங்களுக்குக் கடைவாசலில் வைத்த மாம்பழக் கூடை மாதிரி ஆகிவிட்டது. வாங்குகிறானோ இல்லையோ, போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகருகிறான். முன்பெல்லாம் ஒருத்தனுக்குக் கட்டி வந்தால் அது அவன் கட்டி. அவன் வாயைத் திறந்து சொன்னால்தான் ஊருக்குத் தெரியும்.

அன்று காலையில் மட்டும் வீரபாண்டியின் பிடரியை ஒன்பது பேர் அமுக்கியிருந்தார்கள். ஒன்பதாவது ஆள் சாயாக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன். ஈரக் கையோடு அமுக்கினான்.

"சேட்டா, போன வாரம் நெல்லிக்கா மாதிரி இருந்துச்சு. இப்ப எலுமிச்சம்பழம் ஆயிடுச்சு."

"கைய எடுறா. உன்னய கிளாஸ் கழுவத்தான வச்சிருக்கு?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவன் போனை நீட்டினான். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் முதுகில் பலாப்பழம் அளவுக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதும் ஆரம்பத்துல நெல்லிக்கா சைஸ்தானாம், சேட்டா."

வீரபாண்டி பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மீன மாச வெயிலில் கழுத்தில் துண்டு கட்டிய ஆள் மட்டாஞ்சேரியிலேயே அவர் ஒருவர்தான்.

முப்பத்தெட்டு வருஷம் பஜாரில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமந்த கழுத்து அது. சுமப்பதை விட்டு ஏழு வருஷம் கழித்து, இந்த இரண்டு மாசமாகப் பிடரியில் ஒன்று முளைத்திருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, சும்மா இருந்தது. சும்மா இருக்கிறதுதான் அவரைப் பயமுறுத்தியது. சுமைதூக்குகிற சங்கத்தில் கூட இருந்த பாண்டித்துரைக்கும் இப்படித்தான் தொண்டைப் பக்கம் சும்மா ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் பீடியை அணைத்துவிட்டு நடந்து போனவன், வெளியே வரும்போது நாலு பேர் தோளில் வந்தான். வீரபாண்டியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அந்த எடை இன்னும் தோளில் இருந்தது.

மகன் வெங்கிடேஷ் போனிலேயே சேவியர் டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டான். "நாளைக்குப் பத்து மணிக்குப்பா. உங்க பேரு, வயசு, எல்லாம் குடுத்துட்டேன். எனக்கு டூட்டி இருக்கு. நீங்க போய் உக்காந்தாப் போதும்."

"அவன் நல்லவனா?"

"நல்ல டாக்டர்னு எல்லாரும் சொல்றாங்கப்பா."

"எல்லாரும் சொல்லுவாங்க. அறுபட்டுப் போனவன் வந்து சொன்னானா?"

வீரபாண்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் தராசு தெரியும். பண்டகசாலையில் புதுத் தராசு வந்து இறங்கினால், சங்கத்துக்காரர்கள் அதில் மூட்டையை ஏற்ற விடமாட்டார்கள். முதலில் சங்கத்து ஐம்பது கிலோப் படிக்கல்லைத் தூக்கி வைப்பார்கள். முள் ஐம்பதில் நின்றால் தராசு யோக்கியம். நாற்பத்தைந்தில் நின்றால் முதலாளி அயோக்கியன். நமக்குத் தெரிந்த எடையை வைத்துப் பார்க்காமல் தெரியாத எடையை எந்தத் தராசிலும் ஏற்றக் கூடாது. வீரபாண்டி படித்த படிப்பு அவ்வளவுதான். அதை அவர் மறக்கவில்லை.

தெரிந்த எடை ஒன்று அவர் கைவசம் இருந்தது. அது ஒச்சப்பனின் கழுத்து.

ஒச்சப்பன் அவருக்கு ஏழு வயசு இளையவன். அதே பஜார், அதே சங்கம், அதே உசிலம்பட்டிப் பக்கத்து வம்சம். அவனுக்கும் பிடரியில், அதே இடத்தில், அதே அளவில் ஒரு கட்டி இருந்தது. இருபத்தைந்து வருஷமாக இருந்தது. அதன் மேலேயே சும்மாட்டை வைத்து அவன் எத்தனையோ லோடு இறக்கியிருக்கிறான். அது யோக்கியமான கட்டி என்பது பஜாருக்கே தெரியும்.

"எனக்குப் பதிலா நீ உன் கழுத்தக் காட்டு" என்றார் வீரபாண்டி. "ஒண்ணுமில்லன்னு சொன்னா டாக்டரு நல்லவன். அப்புறமா நான் என் கழுத்தக் காட்டுறேன். அறுக்கணும்னு சொன்னான்னா, அவன் கத்திக்காரன். ரெண்டு பேரும் எந்திரிச்சு வந்துரலாம்."

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தான். "உள்ள ஏசி இருக்குமாண்ணே?"

"இருக்கும்."

"அப்பச் சரி."

அன்று சாயங்காலம் முழுக்கப் படகுத்துறையில் உட்கார வைத்துப் பாடம் நடந்தது.

"உம் பேரென்ன?"

"வீரபாண்டி."

"வயசு?"

"அறுபத்தேழு. எனக்கு அம்புட்டு ஆகலண்ணே, பாத்தாத் தெரிஞ்சிருமே."

"மூஞ்சியத் தொங்கப் போடு, தெரியாது. கட்டி எத்தன நாளா இருக்கு?"

"இருபத்தஞ்சு…"

"ரெண்டு மாசம்டா! சம்சாரம் பேரு?"

"ஒச்சம்மா."

"அங்கம்மா!"

ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, மதினி பேர என் வாயால சம்சாரம்னு சொல்ல வைக்காதீக. ஒச்சம்மாளுக்குத் தெரிஞ்சா எனக்குக் கழுத்தே இருக்காது."

"ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும்டா. வெளிய வந்து துப்பிரு."

மறுநாள் ஒச்சப்பன் கல்யாண வேட்டியில் வந்தான். வழி நெடுக "அங்கம்மா, அறுபத்தேழு, ரெண்டு மாசம்" என்று முனகிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்பிளி டாக்டர் அறை வாசலில் நின்று, "வீரபாண்டி!" என்று கூப்பிட்டாள்.

"இந்தா இருக்கேன்" என்று வீரபாண்டி எழுந்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒச்சப்பன் தொடையில் ஓர் இடி இடித்தார். ஒச்சப்பனும் எழுந்தான். அம்பிளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருதான் வீரபாண்டி" என்றார் வீரபாண்டி. "நான் கூட வந்தவன். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

சேவியர் டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணாடி போட்டிருந்தார். வீரபாண்டிக்கு அதுவே சந்தேகம். சொந்தக் கண்ணையே சரி பண்ண முடியாதவன் ஊரான் கட்டியை என்னத்தைப் பார்ப்பான்?

"எத்தனை நாளா இருக்கு, சேட்டா?"

ஒச்சப்பன் வீரபாண்டியைப் பார்த்தான். வீரபாண்டி இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு."

"ரெண்டு நாளா?"

ஒச்சப்பன் மறுபடி பார்த்தான். "மாசம்."

"பீடி வலிக்குமோ?"

ஒச்சப்பனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எனக்குப் பழக்கமில்ல சார்… வலிப்பேனாண்ணே?"

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு வலிப்பான்" என்றார் வீரபாண்டி.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வீரபாண்டியின் பக்கம் திரும்பினார். "சேட்டன் எந்தா இந்தச் சூட்டுல கழுத்துல தோர்த்து கட்டியிருக்கு?"

"பழக்கம்."

"ம்." டாக்டர் ஒச்சப்பனின் கழுத்தை இரண்டு விரலால் தொட்டார். அவ்வளவுதான். "ஒரு ஸ்கேன் பண்ணிடலாம். இங்கயே பக்கத்து ரூம்."

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. மெஷினைப் பார்த்ததும் ஒச்சப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நூறு கிலோ மூட்டைக்கு அசராத ஆள். "ஆமண்ணே, ஏசின்னுதான் சொன்னீக. இருட்டுன்னு சொல்லலியே."

"பேடிக்கண்டா சேட்டா, ஒண்ணும் பயமில்ல" என்றாள் அம்பிளி. பிறகு வீரபாண்டியிடம், "நீங்க முதல்ல ஒரு தடவ படுத்துக் காட்டுங்க. அவருக்குப் பேடி மாறட்டும்" என்றாள்.

அது நியாயமாகத்தான் இருந்தது. மிரளுகிற மாட்டுக்கு முன்னால் பழகிய மாட்டை நடத்திப் போவதில்லையா? வீரபாண்டி தோர்த்தை அவிழ்த்துவிட்டுக் குப்புறப் படுத்தார். அறை இருட்டு; யாருக்கும் எதுவும் தெரியாது. வெண்டைக்காயை அரைத்தது மாதிரி என்னத்தையோ சில்லென்று கழுத்தில் தடவினார்கள். டாக்டர் இஸ்திரி போடுவது மாதிரி தேய்த்தார். இந்தப் பக்கம் தேய்த்தார், அந்தப் பக்கம் தேய்த்தார், "மூச்சு பிடிங்க" என்றார், "விடுங்க" என்றார். பயம் போக்க இவ்வளவு நேரமா என்று வீரபாண்டிக்கு எரிச்சலாக வந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"பார்த்தியாடா? ஒண்ணுமில்ல" என்று எழுந்தார்.

அப்புறம் ஒச்சப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தான். பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்தது.

"ரிசல்ட் நாளைக்கு போனுக்கு வரும்" என்றாள் அம்பிளி.

வெளியே வந்ததும் வீரபாண்டி கோர்ட்டில் ஜெயித்தவர் மாதிரி நின்றார். "பார்த்தியா? யோக்கியமான கட்டிக்கு ஸ்கேன் எழுதுறான்! தராசு பொய்யி!"

"அண்ணே, ரெண்டு மாசத்துல வந்துச்சுன்னு நீங்கதான சொல்லச் சொன்னீக? அதான் எழுதிருக்காரு."

"நல்ல டாக்டருன்னா, பாத்த உடனே இவன் பொய்யி சொல்றான்னு தெரிய வேணாமா?"

ஒச்சப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டான். இருபத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கட்டி அவனுக்கு லேசாக வலித்தது.

வீரபாண்டி பஜாரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்த செய்தி வெங்கிடேஷின் போனுக்குப் போய், அவன் அம்மாவுக்குச் சொல்லி, அம்மா உசிலம்பட்டி வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். பீடிக் கட்டு குப்பையில் கிடந்தது. மீன் சட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"ஸ்கேன் எடுத்தாகளாம்ல! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?"

ஸ்கேன் எனக்கில்லை, ஒச்சப்பனுக்கு என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் வெங்கிடேஷ் இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப் போய் எர்ணாகுளத்தில் படுக்க வைத்துவிடுவான். வீரபாண்டி வாயை மூடிக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்.

கஞ்சி பாதி இறங்குவதற்குள் ஒச்சம்மாள் வந்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"ஏத்தா அங்கம்மா, வெளிய வா! எம்புருசன் மத்தியானத் தூக்கத்துல உம் பேரச் சொல்லிப் பொலம்புறான். 'எஞ் சம்சாரம் பேரு அங்கம்மா, எஞ் சம்சாரம் பேரு அங்கம்மா'ன்னு மூணு தடவ சொல்றான். கல்யாண வேட்டியக் கட்டிக்கிட்டு எங்க போனான்னு கேட்டா முழிக்கிறான். என்ன நடக்குது இங்க?"

அங்கம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வீரபாண்டியைப் பார்த்தாள். அந்த வரிசை வீடுகளில் இருந்த எட்டுக் கதவும் திறந்தன.

வீரபாண்டிக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதைச் சொன்னார். "ஒச்சம்மா, அவன் மேல தப்பில்ல. அவனுக்குக் கழுத்துல கட்டி இருக்குல்ல? அதான்… சித்த உளறுறான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

ஒச்சம்மாள் இரண்டு கையையும் தலையில் வைத்தாள்.

"ஐயோ, கட்டி மூளைக்கு ஏறிருச்சா!"

அதற்குப் பிறகு சண்டைக்கு வந்தவளை அங்கம்மாள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்குமா ஒச்சம்மா? எனக்கும் அதேதான்டி." எட்டுக் கதவிலிருந்தும் ஆட்கள் வந்து இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். வந்தவர்களில் நாலு பேர் போகிற போக்கில் வீரபாண்டியின் கழுத்தை ஒரு அமுக்கு அமுக்கினார்கள்.

மறுநாள் மத்தியானம் வெங்கிடேஷ் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தான். "அப்பா! ரிசல்ட் வந்துருச்சு! ஒண்ணுமில்லயாம். வெறும் கொழுப்புக் கட்டி. கத்தியும் வேணாம், மருந்தும் வேணாமாம்!"

அங்கம்மாள் சாமி படத்துக்குச் சூடம் கொளுத்தினாள். மீன் சட்டி திரும்பி வந்தது. வீடே சிரித்தது. வீரபாண்டி மட்டும் மூலையில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

முள் ஐம்பதில் நின்றுவிட்டது. ஒச்சப்பனின் கட்டியை ஒன்றுமில்லை என்று டாக்டர் சரியாகச் சொல்லிவிட்டான். அப்படியென்றால் தராசு யோக்கியம். அப்படியென்றால் இனி ஏற வேண்டியது அவருடைய மூட்டை. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாண்டித்துரையைத் தூக்கிய தோள் குறுகுறுத்தது.

ஆனால் அவர் பேரில் சீட்டு ஏற்கெனவே நல்லபடியாக முடிந்துவிட்டது. மறுபடி அதே பேரில் போய், வேறொரு கழுத்தைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்?

"ஒச்சு, உம் பேரக் குடு."

"கழுத்தக் குடுத்தேன். இப்பப் பேரும் வேணுமாண்ணே?" ஒச்சப்பன் ஒரே நாளில் வாடிப்போயிருந்தான். ஒச்சம்மாள் அவனுக்கு மூன்று வேளையும் ஆட்டுக்கால் சூப்பு கொடுத்தாள், கொடுக்கும்போதெல்லாம் அழுதாள். "நான் பொழைப்பேனாண்ணே?"

"நீ நல்லாத்தான்டா இருக்க! ரிசல்ட்டே உன்னோடதுதான்."

"பேரு உங்களோடதால்ல வந்துருக்கு?"

மறுநாள் காலையில் இரண்டு பேரும் போய் நின்றார்கள். அம்பிளி நோட்டைத் திறந்தாள்.

"பேரு?"

"ஒச்சப்பன்" என்றார் வீரபாண்டி.

அம்பிளி எழுதினாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். "டாக்டர் வார்டு வரைக்கும் போயிருக்கு. இருங்க."

உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒச்சம்மாள் இறங்கினாள். புருஷன் ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை கல்யாண வேட்டி கட்டியதை அவள் பார்த்துவிட்டாள். பார்த்தவள் நேரே அங்கம்மாளிடம் போக, அங்கே அங்கம்மாளின் புருஷனையும் காணவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள்.

"ஒச்சப்பன்!" என்று அம்பிளி கூப்பிட்டாள்.

வீரபாண்டி எழுந்தார்.

"அது எம்புருசன் இல்ல!" என்று ஒச்சம்மாள் கத்தினாள்.

"அது எம்புருசன்!" என்றாள் அங்கம்மாள். "இவருக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே, இங்க எதுக்கு வந்தாரு?"

பெஞ்சில் இருந்த நோயாளிகள் எல்லாரும் நோயை மறந்து எழுந்து நின்றார்கள். ஒச்சப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இனி ஒளிக்க இடமில்லை. வீரபாண்டி எல்லாவற்றையும் சொன்னார். தராசைச் சொன்னார், படிக்கல்லைச் சொன்னார், ஒச்சப்பனின் யோக்கியமான கட்டியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அங்கம்மாளின் முகம் வெளுத்தது.

"அப்ப அந்த ரிசல்ட்டு?"

"ஒச்சப்பனோடது."

"அப்ப உங்களுக்கு?"

வீரபாண்டி தோர்த்தை அவிழ்த்தார். பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க, தானாகவே பிடரியைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு இன்னும் யாரும் பாக்கல, அங்கம்மா."

அங்கம்மாள் பெஞ்சில் சாய்ந்தாள். அமுக்கிப் பார்க்க ஒருத்தரும் கை நீட்டவில்லை.

அம்பிளி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்:

"சேட்டா, அன்னைக்கு ஸ்கேன் எடுத்ததே உங்க கழுத்தத்தான். பஜார்லேர்ந்து சுமட்டுக்காரங்க வந்தா எல்லாரும் இப்படி இரவலா ஒரு கழுத்தக் கூடக் கொண்டு வருவாங்க. அதுனால எப்பவும் நாங்க கூட வந்தவருன்னு சொல்றவரத்தான் முதல்ல நோக்குறது."

முதலில் அங்கம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒச்சம்மாளும் சிரித்தாள்.

வீரபாண்டி சிரிக்கவில்லை. "அப்ப ஒச்சப்பனுக்கு?"

"அவருக்கு மெஷின் ஓடவே இல்ல. சும்மா ஜெல் தேச்சு விட்டோம். அது பழைய கட்டின்னு தொட்டதுமே டாக்டருக்குத் தெரிஞ்சுது."

வீரபாண்டி அவளை முறைத்தார். பிறகு தோர்த்தை உதறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். ஒச்சப்பன் பின்னாலேயே ஓடினான்.

"அண்ணே! அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சுல்ல? இன்னும் என்னண்ணே கோவம்?"

"படிக்கல்ல வைக்கவே இல்லயேடா!" என்றார் வீரபாண்டி, நிற்காமல். "அப்புறம் எப்படித் தராச நம்புறது?"